நத்தம் இல்லா ஊர்

நம் தோட்டப்புறத்து மக்கள் முதன்முறை சந்திக்கும்போது ஒருவரையொருவர் கேட்கும் வினா ஒன்று உண்டு. "நீங்கள் எந்தத் தோட்டம்?" என்பதே அது. தமிழகத்தில் இருவர் சந்தித்தால் "எந்த ஊர்?" என்று கேட்பர். இங்கு நாம் 'ஊர்' என்னும் சொல்லைக் கடலுக்கு அப்பால் உள்ள பாட்டன் பிறந்த இடத்துக்கென ஒதுக்கிவிட்டு, நாம் பிறந்து வளர்ந்த இடத்தைத் 'தோட்டம்' என்றே அழைத்து வந்தோம். மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தை ஊர் என்று சொல்ல நம் நா ஏன் எழவில்லை? இது வெறும் சொல் வழக்கா, அன்றி அதனுள் பொருளியல் உண்மை ஏதேனும் உண்டா? இதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர் என்பது யாது?

ஊர் என்பதற்கு இலக்கணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த சாசனங்களே போதும். கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களைக் குறிக்கும்போது, ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கப்படாத நிலங்கள் எவையெவை என்று அச்சாசனங்கள் எண்ணிக் காட்டுகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என அப்பட்டியல் செல்கின்றது. உழைப்போரின் சேரிகள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன என்னும் கசப்பான உண்மையையும் அதே பட்டியல் மறைக்காமல் காட்டுகின்றது.

இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றைச் சுற்றி வாருங்கள். மாரியம்மன் கோயில் இருந்தது. ஆறோ ஓடையோ இருந்தது. சுடுகாடு இருந்தது. கடை, பள்ளி, ஆயாக்கொட்டகை, பந்தாடும் திடல் ஆகியனவும் இருந்தன. ஒன்றே ஒன்றுதான் இல்லை. அது நத்தம். நத்தம் என்பது ஊரார் வீடு கட்டிக்கொண்டு வாழும் குடியிருப்பு நிலம். விளைநிலம் யார் கைக்கு மாறினும், ஊரார் காலூன்றி நிற்கும் இடம் அதுவே. தோட்டத்தில் லயங்கள் இருந்தன. ஆயின் அவை நின்ற மண்ணில் ஓர் அடியும் அங்கு வாழ்ந்தவர்க்கு உரியதன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை நின்றால் வீடும் நின்றது.

நிலம், வீடு, கூலி ஆகிய மூன்றும் ஒரே கையில் இருந்தால் அங்கு வாழும் குடிகளுக்கு என்ன நேரும்? இவ்வினாவுக்கு விடை காண நமக்கு உதவக்கூடிய நாடு ஒன்று உண்டு. அது பிற்கால உரோமப் பேரரசின் நாட்டுப்புறம்.

உரோமரும் உழவரும்

உரோமர் தமிழர்க்குப் புதியவர் அல்லர். சங்க காலத்துப் பொற்காசுகளையும் வெள்ளிக்காசுகளையும் பற்றி நம் மாணவர்கள் பாடநூலில் படிக்கின்றனர். அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சின்னஞ்சிறு உரோமச் செப்புக்காசுகள் கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும், வைகை கடலோடு சேருமிடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்திலும், ஈழத்தில் பல இடங்களிலும் கிடைத்துள்ளன. உரோம நாட்டுச் சந்தைகளில் எளிய மக்கள் கைமாற்றிய சில்லறைக் காசுகள் இவை. அக்காசுகளைக் கையாண்ட உழவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று இனிக் காண்போம்.

கி.பி. 284இல் அரியணை ஏறிய தயோக்ளீசியன், நிலத்தையும் ஆட்களையும் எண்ணிப் பதிவுசெய்து அப்பதிவின்படி வரி தண்டும் முறையை நிறுவினான். 301ஆம் ஆண்டில் விலைக்கட்டுப்பாட்டு ஆணை ஒன்றையும் பிறப்பித்தான். அதன்படி வயற்கூலியாள் ஒருவனுக்கு உணவோடு நாளொன்றுக்கு 25 தினாரியம் உச்சக்கூலி. படை அளவையில் ஒரு மோடியம் கோதுமைக்கு 100 தினாரியம் உச்ச விலை. நான்கு நாள் கூலி சேர்ந்தால்தான் ஒரு மோடியம் கோதுமை வாங்க இயலும். தச்சனுக்கு நாட்கூலி 50 தினாரியம். எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு மாணாக்கன் ஒருவனுக்குத் திங்கள் ஒன்றுக்கு 50 தினாரியம். அதாவது வயற்கூலியாளின் இரண்டு நாள் கூலி. ஆசிரியத் தோழர்கள் இதனைக் கண்டு புன்முறுவல் பூக்கலாம்.

வரிப்பதிவு ஏட்டில் ஓர் உழவனின் பெயர் ஒரு பண்ணையின் கீழ் எழுதப்பட்டுவிட்டால், அவன் வேறிடம் சென்றால் வரி குறையும். ஆகவே அவனைப் போகவிடாமல் தடுக்கச் சட்டங்கள் எழுந்தன. 332ஆம் ஆண்டில் கான்ஸ்தந்தீன் பேரரசன் ஓர் ஆணை பிறப்பித்தான். பிறர் பண்ணையின் குத்தகை உழவனை எவரேனும் தம்மிடம் வைத்திருந்தால், அவனைத் திருப்பி அனுப்புவதோடு அவனுக்குரிய வரியையும் செலுத்தவேண்டும். ஓடிப்போக எண்ணும் உழவரை விலங்கிடலாம் என்பது அவ்வாணை. கொலோனர் எனப்பட்ட இவ்வுழவர் பிறப்பால் உரிமை மக்களே. ஆயினும் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், தியோதோசியன் காலத்துச் சட்டம் ஒன்று அவர்களைத் தாம் பிறந்த மண்ணுக்கே அடிமைகள் போல்வர் என்று கூறும் அளவுக்கு நிலைமை சென்றது.

இவ்வளவோடு நிறுத்தினால் கதை ஒருபுறமாகவே முடியும். 357ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மறுபுறத்தையும் காட்டுகின்றது. நிலத்தை விற்போர் அதில் வாழும் கொலோனரைப் பிரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோதல் கூடாது என்பது அச்சட்டத்தின் கருத்து. நிலத்தை வாங்குவோன் குடிகளையும் ஏற்கவேண்டும். உழவன் நிலத்தை விட்டு நீங்க முடியாது. நிலமும் உழவனை விட்டு நீங்க முடியாது. இக்கட்டினுள்ளும் ஒரு காப்பு இருந்தது என்பதை நினைவிற் கொள்க. இதனால் அக்கட்டு நன்று என்று யாம் கூறவில்லை. விலங்கு எவ்வகையினும் விலங்கே.

முன்னைய ஆசிரியர் சிலர் பிற்கால உரோம நாட்டுப்புறம் முழுவதையும் இருண்ட அடிமைக்காடாகவே எழுதிவைத்தனர். இக்கால அகழாய்வுகள் அக்கருத்தை மாற்றியுள்ளன. எல்லா உழவரும் கொலோனர் அல்லர். எல்லா இடங்களும் பெரும்பண்ணைகளும் அல்ல. இதற்குச் சான்றாக இரண்டு இடங்களை மட்டும் ஒப்பிட்டுக் காட்டுவோம்.

பண்ணை மாளிகையும் கல்லூர்களும்

சிசிலித் தீவில் பியாத்சா அர்மெரீனா என்னும் ஊருக்கு அருகே 4ஆம் நூற்றாண்டுப் பண்ணை மாளிகை ஒன்று உள்ளது. அதன் தரையில் ஏறத்தாழ 3,500 சதுர மீட்டர் பரப்புக்கு வண்ணக்கல் ஓவியங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அம்மாளிகைக்குப் பெருமை சேர்த்த விளைச்சல், அதைச் சூழ்ந்த நிலங்களில் பாடுபட்டோரின் உழைப்பினின்று வந்ததே. அவர்கள் வாழ்ந்த குடில்களைக் காண எவரும் சிசிலிக்குச் செல்வதில்லை. மேட்டின்மேல் துரை பங்களாவும் பள்ளத்தில் லயமும் இருந்த காட்சியைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இனி வட சிரியாவுக்கு வருவோம். அங்குள்ள சுண்ணாம்புக்கல் மலைப்பகுதியில் எழுநூறு அளவான பழைய ஊர்களின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் நாற்பது அளவான ஊர்கள் 2011ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஒலிவ எண்ணெய் ஆட்டியும், கோதுமையும் திராட்சையும் பயிரிட்டும், ஆடுமாடு வளர்த்தும் அம்மக்கள் 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை செழித்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சொந்த நிலமுள்ள சிறு உழவர். மண் வீடாகத் தொடங்கியவர்கள் இரண்டு மூன்று தலைமுறைகளில் செதுக்கிய கல்லால் மாடி வீடு எழுப்பினர். செர்சில்லா என்னும் ஊரில் 473ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பொதுக் குளியல் மண்டபம் இன்றும் உள்ளது. அரசனும் செல்வனும் வாழ்ந்த நகரம் அன்று அது. ஒலிவம் பிழிந்த உழவரின் ஊர்.

எகிப்து நாட்டில் அஃப்ரோதித்தோ என்னும் ஊரின் கதையும் இத்தகையதே. அவ்வூரார் தம் வரியைத் தாமே தண்டி அரசுக்கு நேரே செலுத்தும் உரிமை பெற்றிருந்தனர். வட்டார அதிகாரி அவ்வுரிமையைப் பறிக்க முயன்றபோது அவர்கள் வாளாவிருக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தியோஸ்கோரன் என்னும் ஊர்த்தலைவன் முறையீட்டோடு கான்ஸ்தந்தீனோபிள் தலைநகர் வரை சென்றான். அவன் வைத்திருந்த ஏடுகள் 1905ஆம் ஆண்டில் மண்ணினின்று வெளிப்பட்டமையாலேயே இதனை நாம் அறிகின்றோம். நத்தமும் ஏடும் உள்ள ஊர் வாதாடத் தெரிந்த ஊராகும்.

ஜொகூர் நிலம் கண்ட குடியேற்றங்கள்

இனி நம் மாநிலத்துக்குத் திரும்புவோம். ஜொகூரின் நாட்டுப்புறப் பொருளியல் ரப்பரோடு தொடங்கவில்லை. 1844ஆம் ஆண்டு முதல் தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்குச் 'சூராட் சுங்கை' என்னும் பத்திரத்தின் வழி ஒப்படைத்தார். 'காங்சூ' எனப்பட்ட அத்தலைவனின் கீழ்க் கூலியாட்கள் காடழித்துக் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரமாகும். இரண்டு பயிரும் ஒன்றையொன்று தாங்கின. ஆயினும் பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சத்திழக்கும். அருகிலுள்ள விறகும் தீரும். உடனே குடியேற்றம் முழுவதும் பெயர்ந்து அடுத்த ஆற்றுக்குப் போகும். அபினி, சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் உரிமை காங்சூவின் கையில் இருந்தமையால், கூலியாளுக்குச் சென்ற பணம் பெரும்பாலும் அவன் கைக்கே மீண்டது. 1917ஆம் ஆண்டில் இம்முறை ஒழிக்கப்பட்டது. காங்கார் தெப்ராவ், காங்கார் பூலாய் என்னும் பெயர்களில் மட்டும் அது எஞ்சி நிற்கின்றது.

1909ஆம் ஆண்டில் ஜொகூரை ஊடறுத்து இருப்புப்பாதை நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என அப்பாதையோரமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்படவே, கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் வட்டாரத்துக்குச் சென்று உறவும் அண்டையும் சேர்த்து ஆள் கட்டி வந்தான். இவ்வாறு சேலம், திருச்சி, தஞ்சை, வடார்க்காடு மாவட்டத்துச் சிற்றூர்கள் துண்டு துண்டாகப் பெயர்ந்து லயங்களில் வந்து அமர்ந்தன. சாதிக்கொரு லயம் என்னும் பழைய பிரிவும் பல தோட்டங்களில் கூடவே வந்தது.

சட்டப்படி நம் முன்னோர் உரிமை மக்கள். ஒப்பந்தக் காலம் போலன்றி, ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர்கள் வேறு தோட்டம் செல்லலாம். உரோமக் கொலோனனுக்கு இல்லாத உரிமை இது. ஆனால் கொலோனனுக்கு இருந்த காப்பு இவர்களுக்கு இல்லை. 1930ஆம் ஆண்டில் ரப்பர் விலை வீழ்ந்தபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. கூலி குறைந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் சில ஆண்டுகளுக்குள் மலாயாவினின்று கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். கொலோனன் ஓடிப்போனால் பண்ணையார் துரத்திப் பிடித்தார். நம்மவர் இருக்க விரும்பினும் தோட்டம் அவர்களை அனுப்பியது. அவனுக்குப் போகும் உரிமை இல்லை. இவர்களுக்கு இருக்கும் உரிமை இல்லை. இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள். நத்தம் தன்னுடையதன்று என்பதே அக்குறை.

துண்டாடலும் அதன் பின்னும்

விடுதலைக்கு முன்னும் பின்னுமாக 1950களில், ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். இதனையே துண்டாடல் என்றோம். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். துண்டான தோட்டத்தில் பால்மரம் நின்றது. ஆயின் லயமும் பள்ளியும் மருந்தகமும் எவர் பொறுப்பு என்று கேட்பாரில்லை. குடிகளையும் சேர்த்தே ஏற்கவேண்டும் என்று 357ஆம் ஆண்டில் உரோமன் எழுதிய விதிக்கு ஈடானதொன்று அன்று இங்கு இல்லை.

இதற்கு மாற்றாக ஒரு முயற்சி எழுந்தது. 1960ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறு சிறு தொகையாகச் செலுத்திப் பங்கு வாங்கினர். அப்பணத்தால் சங்கம் தோட்டங்களை வாங்கியது. தொழிலாளியே நிலத்துக்குப் பங்காளி ஆகலாம் என்று அது மெய்ப்பித்தது. 1956ஆம் ஆண்டில் தொடங்கிய பெல்டா திட்டங்களோ, ஜொகூரிலேயே கோத்தா திங்கி, கூலாய் வட்டாரங்களில் குடியேறியவர்க்கு வீட்டு மனையையும் பயிர் நிலத்தையும் உரிமையாக்கும் வழியில் அமைந்தன. அங்கு நத்தம் உண்டு. அதனால் விலை ஏறினும் இறங்கினும் அக்குடியிருப்புகள் ஊர்களாக நிலைத்தன.

தமிழகத்திலும் இதே காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நம் பாட்டன்மார் விட்டுவந்த பண்ணைகளில், பண்ணையார் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த கூலியாட்களுக்கு, அக்குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கடல் கடவாமல் அங்கேயே தங்கியவரின் பேரர்க்குச் சட்டத்தால் ஒரு மனை கிட்டிற்று. கடல் கடந்து வந்தவரின் பேரரோ, ரப்பர் வெட்டி வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோதும், தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோதும், பெட்டி படுக்கையோடு பட்டணத்தின் ஓரத்துக்குச் சென்றனர். இந்நாட்டில் 1990ஆம் ஆண்டில் வந்த சட்டம் தொழிலாளர் வீடு எத்தகையதாய் இருக்கவேண்டும் என்று வகுத்தது. வீடு எவருடையது என்னும் வினா அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றுவிட்டது.

நான் பிறந்த லயம் குளுவாங் வட்டாரத்தில் இருந்தது. அண்மையில் அங்குச் சென்றேன். லயம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. என் தாயார் நட்ட முருங்கை இருந்த இடத்தையும் அடையாளம் காண இயலவில்லை. மாரியம்மன் கோயில் மட்டும் உள்ளது. ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குப் பட்டணத்தினின்று பேருந்தில் வந்து கூடுகின்றோம். தோட்டத்தில் இப்பொழுது வேலை செய்வோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களும் வேலை உள்ளவரைதான் அவ்வீட்டில் இருப்பர். ஆட்கள் மாறினர், முறை மாறவில்லை.

ஆசிரியர்க்குரிய கடமை

தோட்டம் மறைந்தபின் எஞ்சுவது எது? ஜொகூரிலும் பிற மாநிலங்களிலும் தோட்டத்தினின்று பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் பல, பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. காங்கார் என்னும் சொல் கம்பீர்க் காலத்தைக் காப்பது போல, இப்பள்ளிப் பெயர்கள் ரப்பர்க் காலத்தைக் காக்கின்றன. பள்ளியின் பெயர்ப்பலகையை நாள்தோறும் காணும் மாணவன், அப்பெயர் எங்கிருந்த ஊர் என்று அறியாமலே ஆறாண்டு படித்து வெளியேறுகின்றான்.

ஆசிரியத் தோழர்கள் ஒன்று செய்யலாம். தலைமையாசிரியர் அறையின் பேழையில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும். தந்தை பெயர், தொழில், லயத்தின் எண், பிள்ளை சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகியன அவற்றில் எழுதப்பட்டிருக்கும். 'தோட்டம் மாறிச் சென்றனர்', 'இந்தியா சென்றனர்' என்னும் இரண்டு மூன்று சொற்களில் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கியிருக்கும். கரையான் தின்னுமுன் அவற்றைப் படியெடுத்து வையுங்கள். பெரட்டுக்கு நின்றவர்களும் பால் வாளி சுமந்தவர்களும் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். மாணவர்களை அவர்களிடம் அனுப்பி, லயம் எத்தனை, கிணறு எங்கே, கடைக்காரர் கணக்கு எவ்வாறு, சுடுகாடு எத்திசை என்று கேட்டு எழுதச் செய்யுங்கள். அவ்வாறு எழுதுவதே அந்த இடத்துக்கு நாம் தரும் ஊர்ப் பட்டம்.

அஃப்ரோதித்தோ ஊராரின் முறையீட்டை நாம் இன்று அறிவதற்குக் காரணம், ஒருவன் தன் ஊர் ஏடுகளைக் கட்டிக் காத்தமையே. நம் முன்னோர்க்கு நத்தம் வாய்க்கவில்லை. அவர்தம் பெயர் எழுதிய ஏடேனும் வாய்க்கட்டும். அதனைக் காத்தல் தமிழாசிரியராகிய நம் கையிலேயே உள்ளது.